டிசைன் அண்ட் பில்ட்: விலைக்கு முன் தேவைக் குறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வணிகப் பக்கத்தில் 'டிசைன் அண்ட் பில்ட்' முறையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் வணிகர்கள் பலர் வாடகைக் கடைவீட்டை விட்டுச் சொந்தக் கிடங்கு, சொந்த அலுவலகம் என்று யோசிக்கும் நேரத்தில் இதை எழுதியது நல்ல காரியம். இந்த முறையில் வரைபடத்துக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், கட்டுவதற்கு ஒருவர் என்று அலைய வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே குத்தகையாளர் பொறுப்பு. அடித்தள வேலை நடக்கும்போதே மேல்மாடி வரைபடம் தயாராவதால் காலமும் மிச்சம். இவை உண்மை. ஆனால் "ஒரே விலை, அதற்குமேல் ஒரு காசும் இல்லை" என்று கட்டுரை முடிந்திருப்பதை அப்படியே விட முடியாது. குத்தகையாளர் விலை சொல்வது நீங்கள் எழுதிக் கொடுத்ததற்கு மட்டுமே.

வழக்கமான முறையில், உதாரணத்துக்கு மலேசியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் 2018-ஆம் ஆண்டு 'பாம்' ஒப்பந்தத்தில், கட்டடக் கலைஞர் உரிமையாளர் நியமித்த ஆள். பணம் கொடுக்கச் சான்றிதழ் தருவதும், கால நீட்டிப்பை முடிவு செய்வதும், குறையைத் திருத்தச் சொல்வதும் அவரே. டிசைன் அண்ட் பில்ட்டில் அவருக்குச் சம்பளம் குத்தகையாளரிடமிருந்து வருகிறது. அதனால் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து உரிமையாளருக்காகப் பேச மிஞ்சுவது ஒரு தாள்தான். அதுதான் தேவைக் குறிப்பு, 'எம்ப்ளாயர்ஸ் ரிக்குவயர்மென்ட்ஸ்' என்பார்கள்.

அந்தத் தாள் பெரும்பாலும் எப்படி இருக்கிறது? "மூன்று மாடி, இருபதாயிரம் சதுர அடி, தரமான ஓடுகள், போதுமான ஏர்கோன்." 'தரமான', 'போதுமான' என்ற சொற்களுக்கு யாராலும் விலை போட முடியாது. டெண்டரில் போட்டியிடுகிறவர் அவற்றுக்கு இருப்பதிலேயே மலிவான பொருளை எடுத்துக்கொள்வார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது நியாயமில்லை. நல்ல பொருளை எடுத்துக்கொண்டவர் விலை கூடி ஏற்கெனவே டெண்டரில் தோற்றுப் போயிருப்பார்.

தளத்தின் சுமையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அலுவலகத் தளத்துக்கு 2.5 கிலோபாஸ்கல் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ. பொதுச் சரக்கு அடுக்கும் இடத்துக்கு, இங்கே பொறியாளர்கள் நெடுநாள் பின்பற்றிய பிரிட்டிஷ் சுமை விதி, அடுக்கின் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 2.4 கிலோபாஸ்கல் கேட்கிறது. நான்கு மீட்டர் அடுக்கினால் 9.6, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. "முதல் மாடியில் அலுவலகமும் ஸ்டோரும்" என்று மட்டும் எழுதியிருந்தால் மாடி முழுவதும் 2.5-க்கே வந்து நிற்கும். கான்கிரீட் போட்ட பிறகு அடியில் இரும்பு உத்திரம் கொடுத்துத் தாங்க வைப்பது பணச் செலவு, கீழ்மாடியின் உயரமும் குறையும். ஆகவே அறை அறையாக எழுதுங்கள்: என்ன சரக்கு, எத்தனை மீட்டர் உயரம், ரேக்கின் ஒரு காலில் எவ்வளவு எடை, போர்க்லிஃப்ட் ஏறுமா.

ஏர்கோனும் அப்படியே. 'போதுமான' என்பதற்குப் பதிலாக, பகல் இரண்டு மணிக்கு, இத்தனை பேர் உள்ளே இருக்கும்போது, 24 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு என்று எழுதினால் ஒப்படைக்கும் நாளில் அளந்து பார்க்கலாம். எம்.எஸ். 1525 என்னும் மலேசியத் தரநிலை அலுவலகங்களுக்குச் சொல்லும் அளவும் இதுவே. வெளிச்சுவர், கண்ணாடி வழியே வரும் வெப்பத்துக்கு அது வைத்திருக்கும் சதுர மீட்டருக்கு 50 வாட் உச்சவரம்பையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் கண்ணாடி மலிவாக வரும், மின் கட்டணத்தைக் கட்டடம் நிற்கும்வரை நீங்கள் கட்டுவீர்கள். ஐந்தாண்டு கழித்துக் குளிர்அறை வைக்கும் எண்ணம் இருந்தால் அந்த மின்தேவையும் இப்போதே குறிப்பில் இருக்கட்டும். துணை மின்நிலைய அறை தேவைப்பட்டால் மின்வாரியமான தெனாகாவின் லாரி சாலையிலிருந்து நேரே வந்து நிற்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். அந்த இடத்தைப் பிறகு தேடினால் கார் நிறுத்தும் இடத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

எழுத்தில் இருக்கும் ஒரு வரிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு சாட்சி. ராபின் ரிக் கடல் காற்றாலைகளின் அடித்தளங்களை எம்.டி. ஹோய்கார்டு நிறுவனம் ஈ.ஆன் நிறுவனத்துக்கு வடிவமைத்துக் கட்டிக் கொடுத்தது. குத்தகையாளர் பின்பற்றிய சர்வதேசத் தரநிலையின் சூத்திரத்திலேயே பத்து மடங்கு பிழை இருந்தது. யாரும் அஜாக்கிரதையாக இருக்கவில்லை. இருந்தும் இணைப்புகள் நழுவத் தொடங்கின, சரிசெய்ய 2 கோடியே 62 லட்சத்து 50 ஆயிரம் யூரோ ஆயிற்று. தொழில்நுட்பத் தேவைகளின் நடுவே, அடித்தளங்கள் 20 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை வைத்தே செலவு குத்தகையாளரின் தலையில் விழுந்தது. பிரிட்டன் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நம் நீதிமன்றங்களில் இப்படிப்பட்ட தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவது வழக்கம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி பொதுவாகக் கவனக்குறைவுக்கே இழப்பீடு தரும். 'நோக்கத்துக்குப் பொருந்தும்' என்று குத்தகையாளர் கூடுதலாகக் கொடுத்த உறுதிமொழிக்குப் பல பாலிசிகளில் இடமில்லை. அப்போது அந்த உறுதிமொழியின் மதிப்பு அவர் கையில் இருக்கும் பணத்தின் அளவுதான். பாலிசியை வாங்கிப் படியுங்கள். அவருடைய பொறியாளரும் கட்டடக் கலைஞரும் உங்களிடம் நேரடியாகப் பொறுப்பேற்கும் துணை உத்தரவாதக் கடிதத்தையும் கையெழுத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

மண் சோதனையைக் குத்தகையாளரிடம் விட்டுவிடலாம் என்று கட்டுரை சொல்வதையும் நான் ஏற்கவில்லை. கோலாலம்பூரின் பல பகுதிகளில் கீழே சுண்ணாம்புப் பாறை. அது மேடும் பள்ளமுமாக, உள்ளே பொந்துகளோடு இருக்கும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தது இந்தப் பாறையால்தான். துளை போடும்போது பாறையைத் தொட்டவுடன் நிறுத்தினால் அடியிலிருக்கும் பொந்து தெரியாது. கோர், அதாவது பாறையின் உருளை மாதிரி, எடுத்துக்கொண்டே இன்னும் சில மீட்டர் இறங்க வேண்டும். டெண்டருக்கு முன் உரிமையாளரே இதைச் செய்து அறிக்கையை எல்லாப் போட்டியாளருக்கும் கொடுத்தால், ஒவ்வொருவரும் பயத்துக்கென்று விலையில் சேர்க்கும் தொகை குறையும். நிலத்துக்குள் இறக்கும் தூணான பைலின் நீளத்தை, எடுத்துக்காட்டாக 24 மீட்டர் என்று வைத்து, கூடினாலும் குறைந்தாலும் மீட்டருக்கு இவ்வளவு என்று விலையை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

பினாங்கில், குறிப்பாகப் பெருநிலக் கரையோரத்தில், தொல்லை வேறு விதம். அங்கே மென்மையான கடல் களிமண். மேலே மண் கொட்டி மேடாக்கினால் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும். பைல் மேல் நிற்கும் கட்டடம் அசையாது, லாரி நிற்கும் முற்றமும் வடிகாலும் இறங்கும். கட்டடமும் முற்றமும் சந்திக்கும் கோட்டில் கழிவுநீர்க் குழாய் முறியும், வாசலில் படி முளைக்கும். "அடித்தளம் பைலிங்" என்று மட்டும் எழுதினால் முற்றத்துக்குப் பைல் வராது. பத்து ஆண்டில் முற்றம் எத்தனை மில்லிமீட்டர் வரை இறங்கலாம் என்று ஓர் எண் எழுதுங்கள். அந்த எண்ணுக்குள் நிறுத்தும் வழியைக் குத்தகையாளர் தேடிக்கொள்ளட்டும்.

அடுத்து சி.சி.சி., அதாவது கட்டட முடிவுச் சான்றிதழ். 2007 ஏப்ரல் முதல் அதை ஊராட்சி மன்றம் தருவதில்லை. வரைபடம் சமர்ப்பித்த முதன்மை நிபுணரே தருகிறார். அதற்குமுன் ஜி-1 முதல் ஜி-21 வரையிலான படிவங்களில் வேலையைச் செய்த குத்தகையாளரும் மேற்பார்வையிட்ட நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு கையெழுத்து. டிசைன் அண்ட் பில்ட்டில் அந்த இருவருக்கும் சம்பளம் ஒரே கணக்கிலிருந்து போகிறது. நிபுணருக்குச் சட்டப் பொறுப்பு உண்டு, பலர் நேர்மையாகவே நடக்கிறார்கள். இருந்தாலும் உரிமையாளர் தன் செலவில் ஒரு தள மேற்பார்வையாளரை வைக்காமல் இறங்கக் கூடாது. பைல்களின் தலையை இணைக்கும் பைல் கேப்புக்குக் கம்பி கட்டியதும், கூரை நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கியதும், சீலிங் மூடும் முன்பும், இந்த மூன்று இடத்திலாவது அவர் பார்த்துக் கையெழுத்திடாமல் அடுத்த வேலை தொடங்காது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஒப்பந்தப் படிவம் பற்றியும் ஒரு வார்த்தை. 'பாம்' படிவத்தை எடுத்து, கட்டடக் கலைஞர் என்று வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். அப்புறம் சான்றிதழ் தர யாருமில்லாமல் நடுவழியில் நிற்கிறார்கள். பொதுப்பணி இலாகாவிடம் டிசைன் அண்ட் பில்ட்டுக்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. தனியார் வேலைக்கு அதை வழக்கறிஞரை வைத்துத் திருத்திக்கொள்வது மேல்.

பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். முதல் கட்டத்திலேயே 'வடிவமைப்பு, முன்னேற்பாடு' என்று பெரிய தொகை போடப்பட்டிருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். இந்த முறையில் ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதிய அளவுப் பட்டியல் இல்லாததால், பாதியில் ஒரு சுவரை மாற்றினாலும் என்ன விலை என்பது வாக்குவாதமாகும், தீயணைப்பு வரைபடத்தைத் தீயணைப்புத் துறையான போம்பாவிடம் மீண்டும் சமர்ப்பிக்கவும் நேரலாம். விலைப் பகுப்பாய்வில் சுவர், கதவு, மின்முனை ஆகியவற்றின் அலகு விலையை முன்பே வாங்கி வைத்தால் அந்தச் சண்டையில் பாதி இல்லை.

கடைசிக் கட்டத் தொகையை சி.சி.சி., கட்டியபடி வரைந்த வரைபடங்கள், இயந்திரக் கையேடுகள் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே விடுவியுங்கள். தேவைக் குறிப்பின் மாதிரி ஒன்றைக் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் வெளியிட்டால், டெண்டர் அழைக்கத் தயாராகும் வாசகர்களுக்கு உடனே பயன்படும்.

இப்படிக்கு,
கட்டுமான அளவையாளர்,
செந்தூல், கோலாலம்பூர்