வேப்பிலை சிறியதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் வந்த இலை அளக்கும் செய்முறை நல்ல யோசனை. மரத்துக்கு ஓர் இலை பறித்து, அளவுகோலால் நீளம் பார்த்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்கிறது. ஆனால் மாதிரி அட்டவணையில் புளி, நெல்லி, வேம்பு மூன்றும் ‘சிறிய இலை’ என்றும், மாவும் தேக்கும் ‘பெரிய இலை’ என்றும் இருக்கின்றன. ‘வறண்ட இடத்துச் செடிகளுக்கு இலை சிறுக்கும்’ என்று கீழே ஒரு விளக்கமும் உண்டு. அட்டவணை தவறு; விளக்கம் பாதிதான் சரி.

அளப்பதற்கு முன் எது ஓர் இலை என்று தெரியவேண்டும். காம்பு கிளையோடு சேரும் மூலையில், அதாவது இலைக்கோணத்தில், மொட்டு இருக்கும். அந்த மூலையிலிருந்து காம்போடு சேர்ந்து வெளியே நீள்வதெல்லாம் ஓர் இலை. வேம்பில் மொட்டு இருப்பது நீண்ட ஈர்க்கு கிளையைத் தொடும் இடத்தில்; ஈர்க்கின் இருபுறமும் உள்ள பச்சைத் துண்டுகளின் அடியில் அல்ல. ஆகவே நாம் உருவிப் போடுவது சிற்றிலைகளை. ஈர்க்கோடு சேர்ந்த கொத்துதான் இலை; இதைக் கூட்டிலை என்பார்கள். புளியும் அப்படியே. முருங்கையில் ஈர்க்கு மீண்டும் மீண்டும் பிரிவதால் பலர் அதைச் சிறு கிளை என்றே எண்ணிவிடுகிறார்கள். தென்னையில் ஒரு மட்டை முழுவதும் ஓர் இலை.

நெல்லிதான் ஏமாற்றுவது. பார்வைக்குப் புளியைப் போல இருந்தாலும் அது கூட்டிலை அல்ல. ஒவ்வொரு சிறு துண்டும் தனி இலை. அவற்றைத் தாங்குவது உதிரக்கூடிய மெல்லிய கிளை. சந்தேகமிருந்தால் மாணவர்கள் அதே பேரினத்துக் கீழாநெல்லியைத் திருப்பிப் பார்க்கட்டும்: இலைக்கோணத்தில் காய் தொங்கும். புளியின் ஈர்க்கில் எந்தக் காலத்திலும் பூ வராது.

நீளத்தை மட்டும் அளப்பதும் போதாது; பரப்பு வேண்டும். மாவிலை போன்ற வடிவத்துக்கு நீளத்தை அதிக அகலத்தால் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் போதுமான துல்லியம் கிடைக்கும். 20 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள மாவிலை ஏறக்குறைய 67 சதுர செ.மீ. 6 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம் கொண்ட வேப்பஞ் சிற்றிலை 8 சதுர செ.மீ. ஈர்க்கில் 13 சிற்றிலைகள் இருந்தால் முழு இலை 104. மாவிலையைவிட வேப்பிலை பெரியது!

ஆமணக்கு, பப்பாளி போன்ற வெட்டுப்பட்ட இலைகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. கட்டம்போட்ட வரைபடத் தாளில் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, பாதிக்கு மேல் உள்ளே விழும் கட்டங்களை எண்ணலாம். அல்லது வரைந்த வடிவத்தை வெட்டி எடைபோடலாம்: 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 100 சதுர செ.மீ. துண்டு 0.8 கிராம் இருக்கும். இதற்கு 0.01 கிராம் காட்டும் தராசு தேவை. சமையலறைத் தராசு பயன்படாது. பறித்த இலையை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் வைத்து அன்றைக்கே அளக்கவேண்டும், வாடினால் சுருங்கிவிடும். புளியைக் காலையில் பறிப்பது நல்லது. மாலையில் சிற்றிலைகள் கூம்பத் தொடங்கும்.

மரத்துக்கு ஓர் இலை என்பதும் ஆபத்து. ஒரே மரத்தில் உள்நிழலில் இருக்கும் இலை மெலிந்து அகன்றும், வெயில்படும் உச்சி இலை தடித்துச் சிறுத்தும் இருக்கும். வெட்டிய தேக்கின் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் இலை, முதிர்ந்த மரத்து இலையைவிட மிகப் பெரியது. எனவே முழு வளர்ச்சியடைந்த, பூச்சி கடிக்காத, வெயில்படும் வெளிக்கிளை இலைகளாகக் குறைந்தது ஐந்து எடுத்துச் சராசரி காணவேண்டும். இரண்டு மூன்று மரங்களிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது.

இனி விளக்கம். தண்ணீர் ஒரு காரணம்தான். அதைவிட முக்கியமானது இலையின் வெப்பநிலை. ஒவ்வோர் இலையின் மேலும் அசையாத காற்றுப் படலம் ஒன்று படிந்திருக்கிறது. இலை அகலமாக ஆக அந்தப் படலம் தடிக்கிறது, சுற்றியுள்ள காற்றோடு வெப்பம் பரிமாறுவது கடினமாகிறது. பகலில் பெரிய இலை அதிகம் சூடேறும். நீராவிப்போக்குக்கு, அதாவது நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள, தண்ணீர் கிடைத்தால் தப்பிக்கும். தெளிந்த வானமுள்ள இரவில் அதே இலை காற்றைவிட அதிகம் குளிர்ந்து உறைபனிக்கு ஆளாகும். 2017இல் தாவரச் சூழலியலாளர் இயன் ரைட்டும் உடன் ஆய்வாளர்களும் உலகெங்கும் 682 இடங்களில் 7,670 இனங்களின் இலைகளை ஒப்பிட்டார்கள். உலகின் பெரும்பகுதியில் இலையின் அளவுக்கு வரம்பிடுவது பகல் சூட்டைவிட இரவுக் குளிர் என்பது அவர்கள் கண்ட முடிவு. நீலகிரியின் உச்சியில் உள்ள சோலைக்காடுகளில் மழைக்குக் குறைவில்லாதபோதும் பெரும்பாலான மரங்களுக்கு இலை சிறிதாகவே இருப்பதை ‘வறட்சி’ விளக்காது.

தேக்கையே பாருங்கள். மாதக்கணக்கில் மழையில்லாத காடுகளில் ஓர் அடிக்கு மேல் நீளமான இலை! கோடையில் உதிர்த்துவிடுவதால் அதற்குக் கட்டுபடியாகிறது. எருக்கு உதிர்ப்பதுமில்லை; தரிசில் அகன்ற இலையோடு நிற்கிறது. ஆழமான வேரும், இலைமேல் உள்ள வெண்பூச்சும் அதற்குத் துணை. வாழையிலை காற்றில் கிழிவதும் முழு நட்டமல்ல. நரம்புகள் நடுத்தண்டிலிருந்து நேரே ஓரத்துக்கு ஓடுவதால் கீற்றுகள் சாவதில்லை, கிழிந்த இலை சூடும் குறைவாகவே ஏறுகிறது.

கூட்டிலையில் காற்றோடு வெப்பம் பரிமாறுவது தனித்தனிச் சிற்றிலைகள். ஆகவே தட்பவெப்பத்தோடு ஒப்பிடச் சிற்றிலையின் பரப்பு வேண்டும். கிளையின் தடிமனோடு ஒப்பிட முழு இலையின் பரப்பு வேண்டும். தடித்த கிளை பெரிய இலை தாங்கும் என்று 1949இல் தாவரவியலாளர் கார்னர் சொன்ன விதி முழு இலையைப் பற்றியது. எனவே திருத்திய அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை கொடுங்கள். நெல்லிக்கும் மாவுக்கும் இரண்டிலும் ஒரே எண் வரும். ஊசியிலை என்று சேர்த்திருக்கும் சவுக்கை நீக்கிவிடலாம்: அந்த ஊசிகள் பச்சைக் கிளைகள், உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பல்போல் நிற்கும் செதில்கள். கைலென்ஸ் இல்லாமல் அவற்றை அளக்க முடியாது.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்,
திண்டுக்கல்