ரவிக்கைத் துணி நிறம் மாறுவது சாயத்தின் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடையில் பட்டுப்புடவையோடு அச்சாகப் பொருந்திய ரவிக்கைத் துணி, வீட்டு வாசலில் வேறு நிறமாகத் தெரிந்தது ஏன் என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி கேட்டிருந்தார். சாயம் மட்டம் என்று பதில் வந்திருந்தது. மட்டமான சாயம் துவைத்தால் இறங்கும், வெயிலில் வெளுக்கும். கடையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மாறாது. மாறியது வெளிச்சம்தான்.

துணி எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதைச் சாய ஆய்வகக் கருவி 400 முதல் 700 நானோமீட்டர் வரை, பத்துக்கு ஒன்றாக 31 எண்களில் எழுதிவிடும். கண்ணுக்குக் கிடைப்பதோ மூன்றே எண்கள். விழித்திரையின் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றின் உச்ச உணர்வு ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டரில். வந்த ஒளியை மொத்தமாகக் கூட்டிச் சொல்லத்தான் ஒரு செல்லுக்குத் தெரியும். எந்த அலைநீளத்திலிருந்து எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 31 எண்களும் வேறாக இருந்தும் மூன்று கூட்டுத்தொகைகள் ஒன்றாகிவிட்டால் மூளைக்கு இரண்டு துணியும் ஒரே நிறம். பட்டுக்குப் பெரும்பாலும் அமிலச் சாயம், பருத்திக்கு ரியாக்டிவ், பாலியஸ்டருக்கு டிஸ்பெர்ஸ். சாயமே வேறு என்பதால் பொருத்தம் அந்த ஒரு விளக்கடியில் மட்டும் நிற்கிறது. விளக்கு மாறினால் கலைகிறது. இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். சாம்பல், பழுப்பு, பாசிப்பச்சை, கருநீலம் ஆகியவற்றில் அதிகம் மாட்டிக்கொள்வோம்.

கடைகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிச் சில்லு. மேலே, அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சள் ஒளியாக மாற்றும் பாஸ்பர் பூச்சு. அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. பெட்டியில் ‘சி.ஆர்.ஐ. 80’ என்று அச்சிட்டிருப்பது, விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். அது 8 வெளிர் நிற மாதிரிகளின் சராசரி. அடர்சிவப்பு மாதிரியான ஆர்9 அந்தச் சராசரியில் சேரவே சேராது. அரக்கும் குங்குமச் சிவப்பும் விற்கிற கடைக்கு அதுதானே வேண்டும்?

புடவை தனியாக இருந்தால் இவ்வளவு தெரியாது. விளக்கின் சாயலை மூளை ஓரிரு நிமிடங்களில் கழித்துவிடும். மஞ்சள் விளக்கிலும் வேட்டி வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். அந்தக் கழித்தல் இரண்டு துணிக்கும் ஒன்றுபோலவே நடப்பதால், இரண்டுக்கும் நடுவில் விழுந்த வேறுபாடு அப்படியே மிஞ்சுகிறது.

பக்கத்து நிறமும் ஏமாற்றும். பாரிஸ் கோபலன் நெசவாலையில் கறுப்பு நூல் மங்கல் என்று புகார் வந்தபோது, அங்கே சாயப்பிரிவை நடத்திய செவ்ரல் சாயத்தில் குறை காணவில்லை. அருகில் நெய்த நிறங்களே காரணம் என்று கண்டு, 1839-ல் நூலாகவே வெளியிட்டார். பச்சை உடலுக்கு அருகே சிவப்புக் கரை கூடுதல் சிவப்பாகத் தெரிவதும் இதே கதை.

ஆகவே பொருத்தம் பார்ப்பவர்கள் பகல் 10 முதல் 3 மணிக்குள், நேர் வெயில் படாத வாசல் நிழலில் பாருங்கள். ரவிக்கைத் துணியை நாலாக மடியுங்கள். ஒற்றையாக இருந்தால் பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும். இரண்டின் விளிம்பும் இடைவெளியின்றித் தொடட்டும். மயில் கழுத்து போன்ற இரட்டைக் கலரில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவையைத் திருப்பித் திருப்பிச் சாய்த்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. சாம்பல் நிற அட்டையில் ஒரு சன்னல் வெட்டி மேலே வைத்தால் கரையும் ஜரிகையும் மறையும். ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள், கண் பழகிவிடும். அடுத்த துணிக்கு முன் அந்த அட்டையைப் பாருங்கள். பத்துச் சிவப்புப் புடவை பார்த்த கண்ணுக்குப் பதினோராவது மங்கலாகத்தான் தெரியும். பிறகு குண்டு பல்பின் அடியிலும் ஒருமுறை. செல்போன் டார்ச் உதவாது, அதுவும் எல்.இ.டி.யே.

வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளித்து நீலத்தைத் தடுக்கும். கருநீலமும் கறுப்பும் பிரிந்து தெரியாது. நெசவைப் பாட்டி பார்க்கட்டும், கருநீலத்தைப் பேத்தி பார்க்கட்டும்.

மாலை வரவேற்புக்கு மட்டும் கட்டுகிற புடவையானால் வாசல் சோதனையை விடவும் மண்டபத்து விளக்கே முக்கியம். துணியை வெட்டுவதற்கு முன் ஒரு துண்டை அங்கே கொண்டுபோய்ப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
சாய ஆய்வகப் பணியில் உள்ள வாசகர்கள்,
திருப்பூர்