வாசகர் மன்றச் செயலாளர் அறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நூலக மாடியில் நடந்தன. கோடை விடுமுறையில் சிறுவர்களுக்குக் கதை நேரம் வைத்தோம். நூலகத்துக்கு ஒரு மர அலமாரி வாங்கிக் கொடுத்தோம். இவை பற்றி அவ்வப்போது குறிப்பு அனுப்பியிருப்பதால் இங்கே விரிக்கவில்லை. இந்த ஆண்டு நம் நேரத்தையும் பொறுமையையும் அதிகம் வாங்கிக்கொண்டது பிழை பார்க்கும் வேலைதான். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்திரை முதல் நாள் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஓர் உறுப்பினர் 'இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்' என்று போட்டார். 'வாழ்த்துகள்' என்பதே சரி என்று இன்னொருவர் கீழே எழுதினார். அப்புறம் நன்னூல் வந்தது. பழைய அச்சுப் புத்தகங்களிலேயே 'க்' இருக்கிறதே என்ற எதிர்வாதம் வந்தது. இருட்டுவதற்குள் வாழ்த்துச் சொன்னவர் குழுவை விட்டே போய்விட்டார். இது இரு பக்கமும் தமிழறிஞர்கள் நின்று பேசியிருக்கிற விஷயம். நம் அறிவிப்புகளில் 'வாழ்த்துகள்' என்றே எழுதுவோம், பிறர் 'க்' போட்டால் பிழையென்று சொல்ல மாட்டோம் என்று மே மாதக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். விலகியவரை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசிக் கூட்டிவந்தவர் நம் தலைவர். அவருக்கு மன்றத்தின் நன்றி.

அந்த மே மாதக் கூட்டத்தில் மனக்குறையைக் கொட்டாதவர் யாருமில்லை. பெற்றோர் குழுவொன்றில் 'பல்லி ஆண்டு விழா' என்று வந்த அழைப்பைக் காட்டினார் ஒருவர். 'இரங்கல் கூட்டம்' என்பதை 'இறங்கல் கூட்டம்' என்று அடித்த பலகை சந்திப்பில் வாரக்கணக்கில் நின்றதைச் சொன்னார் இன்னொருவர். மழைக்காலத்தில் கைக்குக் கை பரவும் செய்திகளில் 'மரங்கள் விழுந்தது', 'சாலைகள் மூடப்பட்டது' என்றுதான் வருகிறது. விழுந்தன, மூடப்பட்டன என்று எழுத ஆளில்லையா என்று நம் தமிழாசிரியர் ஐயா கேட்டார். அவர் குரலில் இருந்தது கோபமில்லை, வருத்தம். வாழ்நாளெல்லாம் ஒருமை பன்மை நடத்தியவருக்கு அந்த வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

பிள்ளைகளுக்குத் தமிழே தெரியவில்லை என்று பேச்சு போனபோது, கணினி மையம் நடத்தும் நம் உறுப்பினர் தம் கைப்பேசியை எல்லாருக்கும் காட்டினார். ஆங்கில எழுத்துகளைத் தட்டிப் 'பள்ளி' என்று எழுத முயன்றார். முதலில் வந்து நின்றது 'பல்லி'. பள்ளி அதற்கடுத்த இடத்தில் இருந்தது. ந, ன, ண மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான். ல, ள இரண்டுக்கும் அப்படியே. எது வேண்டும் என்று கருவி கேட்பதில்லை, தானே ஒன்றை முன்னால் நிறுத்துகிறது. அவசரத்தில் விரல் அதன்மேல் பட்டுவிடுகிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. அதில் ந ஒரு விசை, ன ஒரு விசை, ண ஒரு விசை. தட்டுகிறவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டாலும் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டும். இந்த யோசனைதான் நம்மிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். கணினி மையத்தில் ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமைதோறும் தமிழ்99 பயிற்சி நடக்கிறது. கல்லூரி மாணவிகள்தான் அதிகம் வருகிறார்கள். கைப்பேசியிலும் அதே விசைப்பலகையை வைத்துக்கொள்ளலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ஃபிளெக்ஸ் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் நேரில் போய்ப் பேசியதில் வேறொரு பக்கம் தெரிந்தது. பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. வாடிக்கையாளர் கைப்பேசியிலிருந்து அனுப்பும் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் அதில் அப்படியே உட்காராது. ஒன்று, உருமாற்றிப் போட வேண்டும். இல்லையென்றால் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். அனுப்பியவர் செய்த பிழையோடு கடைக்காரர் கைப்பிழையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கடைத் தம்பி எங்களிடம் சொன்னது: "தந்ததத்தான அண்ணே அடிக்க முடியும்? நான் ஒரு எழுத்த மாத்துனா, யாரக் கேட்டு மாத்துனன்னு சண்டைக்கு வாறாவ." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அச்சடித்த பிறகு நாம் படம் எடுத்துப் போட்டுக் குறை சொல்வதால் அந்தத் தம்பிக்கும் பயனில்லை, தமிழுக்கும் பயனில்லை. அச்சேறும் முன்பே நாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படித்தான் ஜூலை முதல் ஞாயிறு மாலைகளில் நூலகத் திண்ணையில் மெய்ப்புப் பார்க்க உட்காரத் தொடங்கினோம். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடைவிழா நோட்டீஸ், ஆலயத் திருவிழா அறிவிப்பு, நினைவஞ்சலிப் பலகை என்று எது வந்தாலும் காசு வாங்காமல் படித்துத் திருத்திக் கொடுக்கிறோம். குழுவில் வைத்து யாரையும் திருத்துவதில்லை, அவரிடம் தனியாகச் சொல்வது என்றும், எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல்வது என்றும் எங்களுக்குள் ஏற்பாடு.

காரணம் சொன்னால் எவ்வளவு தூரம் எடுபடுகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 'சுவற்றில் எழுதாதீர்' என்று எழுதிக் கொண்டுவந்த இளைஞர் மன்றப் பையன்களிடம் ஐயா சொன்னார்: கிணறு, வயிறு என்று 'று'வில் முடிகிற சொல்தான் கிணற்றில், வயிற்றில் என்று ஆகும். சுவர் 'ர்' என்று முடிகிறது. தேர் தேரில் ஆகிறது, ஊர் ஊரில் ஆகிறது, சுவரும் சுவரில்தான். அதோடு முடிந்தது. மறுவாரம் அதே பையன்கள் வேறொரு நோட்டீஸோடு வந்து, 'நினைவு கூறுகிறோம்' சரியா என்று அவர்களே கேட்டார்கள். கூறுதல் சொல்லுதல். உள்ளத்தில் நினைத்துப் பார்ப்பதற்கு நினைவுகூர்தல், 'கூர்கிறோம்'. சந்தி விஷயத்திலும் இப்படித்தான். கொடைக்கு 'வேலைப் பார்க்க இளைஞர்கள் தேவை' என்று ஒரு நோட்டீஸ் வந்தது. 'ப்' சேர்ந்தால் முருகன் கையிலுள்ள வேலைப் பார்க்க ஆள் கேட்பதாக அர்த்தம். 'ப்' இல்லாவிட்டால்தான் பந்தல் கட்டவும் பரிமாறவும் ஆள் கேட்கிறோம். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று சூத்திரம் சொன்னால் எழுந்து போகிறவர்கள்கூட இதைக் கேட்டால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எல்லாத் திருத்தமும் ஒரே தரம் இல்லை. 'அருகாமையில்', 'முயற்சித்தான்' போன்றவற்றில் ஐயா கண்டிப்பானவர். அருகில், முயன்றான் என்று மாற்றாமல் விடமாட்டார். அவை வழக்கில் ஊன்றிவிட்டன, பொருளும் கெடவில்லை, ஆகவே முதலில் பொருளைக் கெடுக்கும் பிழைகளைப் பார்ப்போம் என்பது என் கட்சி. முந்நூறு என்று எழுத வேண்டிய இடத்தில் முன்னூறு என்றால் அது 300 இல்லை, முன்னால் இருக்கும் நூறு. இரங்கல் இறங்கலாகக் கூடாது. விளை விலையாகக் கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை தொடங்கி எத்தனை ஊருக்கும் வீட்டுக்கும் 'விளை' என்று பெயர்! விளைகிற நிலத்தை வைத்து வந்த பெயர். அதை 'விலை' என்று அடித்தால் நிலம் போய் ரேட் வந்துவிடுகிறது.

அடுத்தது நம் வட்டார வழக்கு. இதில் மன்றத்தின் நிலையைத் தெளிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். செப்டம்பரில் ஓர் அக்கா தம் அப்பாவின் பதினாறாம் நாள் அறிவிப்பைக் கையால் எழுதிக் கொண்டுவந்தார். நோட்டுத் தாள், நீல மை, அங்கங்கே அடித்துத் திருத்தியிருந்தது. நடுவில் பெரிதாக 'அடியந்திரம்' என்று எழுதியிருந்தார். உதவிக்கு உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளை அதை அடித்துவிட்டு 'பதினாறாம் நாள் சடங்கு' என்று மேலே எழுதியது. ஐயா தாளை வாங்கி, அடித்ததன் கீழே புள்ளியிட்டு, 'இருக்கட்டும்' என்று ஓரத்தில் குறித்தார். வீட்டுப் பெயரில் 'விலை' என்று இருந்ததை மட்டும் 'விளை' ஆக்கினார். அக்கா இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல அப்பா இருந்தாலும் அடியந்திரம்னுதான் சொல்லியிருப்பாவ" என்றார்.

அடியந்திரமும், மரவள்ளிக்கிழங்கைச் சொல்லும் மரச்சீனியும், பலாவைச் சொல்லும் சக்கையும் பிழையல்ல. அம்மா கூப்பிடுகிறாள் என்பதை 'அம்மை விளிக்கிறாள்' என்று நம் பிள்ளைகள் எழுதினால் அதுவும் பிழையல்ல. எட்டாம் வேற்றுமைக்கு இலக்கணம் வைத்திருக்கும் பெயரே விளி வேற்றுமைதான். காற்றும் மழையும் இல்லாத நாளில் கரையேறி வரும் பேரலைக்கு மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். இன்று ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் அதே பெயரில்தான் எச்சரிக்கை கொடுக்கிறது. விளவங்கோட்டுப் பக்கம் 'ழ'வைப் பிசகில்லாமல் சொல்லும் பாட்டிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வாழை என்று அழகாகச் சொல்லும் வீட்டிலிருந்து 'வாளை' என்று செய்தி வரும்போதுதான் மனம் கேட்பதில்லை. அந்தப் பிழை நம் பேச்சிலிருந்து வரவில்லை; கருவி நீட்டியதைப் பார்க்காமல் அனுப்புவதால் வருகிறது.

நவம்பர் 1 சிறப்புக் கூட்டம் இந்த ஆண்டு நன்றாக அமைந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்த வரலாற்றை நம் மூத்த உறுப்பினர் பேசினார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அவர் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதைச் சொன்னபோது மாடியில் சத்தமில்லை. தாய்மொழியில் படிக்கவும் மனு எழுதவும் வேண்டும் என்று கேட்டவர்கள் அன்று சுடப்பட்டவர்கள். தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் அதங்கோட்டாசானை நம் அதங்கோட்டுக்காரர் என்று இந்தப் பகுதியில் பெருமையாகச் சொல்கிறோம். தொல்காப்பியம் அரங்கேறியபோது குற்றம் குறை கேட்டு ஆராய்ந்த ஆசிரியர் அவர். அந்தப் பெருமையைப் பேசுகிற நாமே நம் சுவரொட்டியை இன்னொரு தடவை படித்துப் பார்க்காமல் ஒட்டுவது எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்திலும் இதைச் சொன்னேன்.

நடக்காதவையும் உண்டு. ஓர் அரசு அலுவலக வாசல் பலகையில் இருக்கும் பிழையைத் திருத்தக் கோரி மனுக் கொடுத்தோம். பதில் இல்லை, பலகையும் அப்படியே இருக்கிறது. மறுபடி மனுக் கொடுப்போம். உள்ளூர்ச் செய்திக் குழுக்கள் நடத்துகிறவர்களை ஒரு நாள் கூட்டிப் பேச நினைத்தோம். அவர்களுக்கு நேரம் ஒத்துவரவில்லை.

2026 ஜூலை 27 அன்று கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்து 150 ஆண்டு நிறைகிறது. அவர் பிறந்த தேரூர் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அன்று பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அவர் பாடல்களைப் பாடச் செய்யலாம் என்று செயற்குழு கருதுகிறது. வேன் ஏற்பாட்டுக்கு யாராவது முன்வந்தால் நல்லது. ஞாயிறு மாலை மெய்ப்புப் பார்க்க இன்னும் ஆள் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் திருவிழா நோட்டீஸ்கள் மொத்தமாக வந்து குவிகின்றன, இரண்டு பேரால் முடியவில்லை. கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் முதலில் பெயர் கொடுங்கள்.

ஆண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே பொருளாளரிடம் செலுத்திவிட்டால் கணக்கு முடிக்க வசதியாக இருக்கும். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்