ஆற்றுக் கொள்ளை யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலாக்கா நீரிணைக் கடற்கொள்ளை பற்றிய தங்கள் ஞாயிறு பதிப்புக் கட்டுரை ஆறுகளைத் தொடவேயில்லை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, எந்த நாட்டின் அதிகாரத்துக்கும் உட்படாத நீர்ப்பரப்பில் நடப்பதையே கடற்கொள்ளை என்கிறது. 2011 அக்டோபரில் மேகோங் ஆற்றில் 13 சீன மாலுமிகள் கொல்லப்பட்டது அந்த வரையறைக்குள் வராது. அந்தப் படுகொலைக்குப் பிறகுதான் நான்கு நாடுகள் அங்கே கூட்டு ரோந்தே தொடங்கின. ஆற்றுக் கொள்ளை முழுக்க உள்ளூர்ச் சட்டத்தின் பொறுப்பு. நம் கழிமுகங்களுக்கும் இதுவே பொருந்தும்.

படகுத்துறைகளை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஆற்றுத் திருடர் குறி படகல்ல, அதன் பின்புறம் மாட்டும் இன்ஜின். இன்ஜினைப் படகோடு பிணைக்கும் பிடிமானத்தில் உள்ள தகட்டைப் பெயர்த்துவிட்டால் வரிசை எண் போய்விடும். ஆனால் பெரும்பாலான இன்ஜின்களில் மேல்மூடிக்குள், இயந்திர உடலில் பதித்த சிறு உலோக வில்லையிலும் எண் உண்டு. உரிமையாளர்களே பலர் அதைப் பார்த்ததில்லை! படகு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மீன்வளத் துறை இரண்டு எண்களையும் படமெடுத்துப் பதிவு செய்யலாம். பழைய இன்ஜின் விற்கும் கடைகளில் போலீசார் தகட்டை மட்டும் பார்க்காமல் மூடியையும் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு