கணினி வரைகலைப் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் கணினி வரைகலை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் நிலையப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். வேலை கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைப்பதும் என் பொறுப்பு. சென்ற மாதம் தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கை போட்டோஷாப், கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய மூன்று வரைகலை மென்பொருள்களுக்கும் சான்றிதழ் வைத்திருந்தார். படத்தின் பின்னணியை நீக்குவதில் என்னைவிட வேகம். கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, நோட்டீஸ் ஒன்றை அமைக்கச் சொன்னேன். "கொடை" என்று தட்டச்சிட்டதும் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கினால் இது சரியாகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்கலங்கி எழுந்து போனார். அது அவர் குறையன்று.

இங்கே எங்களுக்கு வருகிற வேலை பெரும்பாலும் திருமண அழைப்பிதழ், கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா நிகழ்ச்சி நிரல், மட்டி வாழைப்பழம், தேன் போன்றவற்றுக்கான லேபிள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்து வேலையென்றால் மலையாளமும் சேரும். மாணவர்கள் காட்டும் பயிற்சி வேலைகளோ அநேகமாக முழுவதும் ஆங்கிலச் சுவரொட்டிகள். ஆங்கிலத்துக்குப் பழகிய வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால், "கீ"யின் மேல்வளைவும் மேல்வரியில் "ழு" போன்றவற்றின் கீழ்ச்சுழியும் ஒன்றோடொன்று மோதும். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரங்களையும் நேராக்கினால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு ஆங்கிலக் குப்பையாகத் திறக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டும் அச்சகங்களில் பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன. ஆகவே மாணவர்களுக்கு இரண்டும் தெரியவேண்டும், ஒன்றை மற்றொன்றாக மாற்றவும் தெரியவேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதால் செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை.

திரையில் ஒளிரும் நீலம் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும் என்பதையும், தாளை வெட்டும்போது நீங்குவதற்காக ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் வெட்டுப்பகுதி விடவேண்டும் என்பதையும் ஒரு நாளில் சொல்லித்தந்துவிடலாம். தமிழ் எழுத்துக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். படிப்பு முடிகிறபோது சான்றிதழோடு, மாணவர் தாமே தமிழில் வடிவமைத்து அச்சிட்டுப் பார்த்த ஐந்து வேலைகளாவது அவர் கையில் இருக்கட்டும். நேர்காணலில் நான் முதலில் புரட்டுவது அந்த வேலைகளைத்தான்.

நீங்கள் அழைத்தால், சனிக்கிழமைகளில் ஊதியமின்றி வந்து வகுப்பெடுக்க ஆயத்தமாயிருக்கிறேன். எங்கள் அச்சகத்தில் பிழையாகிக் கழிந்த தாள்களைக் கட்டிக்கொண்டு வருவேன். எங்கே தவறியது என்று அவற்றை வைத்தே காட்டலாம்.

அன்புடன்,
நாகர்கோவில் அச்சக வடிவமைப்பாளர் ஒருவர்