பரணில் தூங்கும் கிளாரினெட் வேண்டும்: சிகாகோ தென்பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். உங்கள் வீட்டுப் பரணிலோ நிலவறையிலோ, பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இரண்டு மாதம் ஊதிவிட்டு மூடிவைத்த கிளாரினெட் ஏதாவது கிடக்கிறதா? முதலில் அதைத்தான் கேட்கிறோம். பணம் அப்புறம்.

நாங்கள் சிகாகோவின் தென்பகுதியில் குடியிருக்கும் ஒன்பது பேர். நால்வர் தமிழர்கள், மற்றவர்கள் அதே தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்கள். பழைய இசைக்கருவிகளைச் சேகரித்து, பழுது நீக்கி, எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி இரவல் கொடுக்கும் வேலையில் இறங்கியிருக்கிறோம். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல வீட்டுக்கு எடுத்துப்போய், ஆண்டு முடிவில் திருப்பித் தந்தால் போதும்.

ஏன் இந்த வேலை, அதுவும் ஏன் இந்த இடத்தில் என்று கேட்பவர்களை நாங்கள் தெற்கு வாபாஷ் அவென்யூவுக்கு அழைத்துப்போகிறோம். அங்கே கறுப்பினத்தார் குடியிருந்த ப்ரான்ஸ்வில் பகுதியில், 1935இல் திறக்கப்பட்ட ஒரு பெரிய செங்கல் கட்டடம் நிற்கிறது. டூசாபிள் உயர்நிலைப் பள்ளி. பின்னாளில் உலகமே வானொலியில் கேட்ட பாடகர் நாட் கிங் கோல் இங்கே மாணவர். ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனோடு 1963இல் ஒரு முழு இசைத்தட்டே பாடிய ஜானி ஹார்ட்மன், பியானோவில் சூறாவளி என்று பெயரெடுத்த டாரதி டானெகன், சாக்ஸஃபோனில் ஜீன் அம்மன்ஸ், வான் ஃப்ரீமன், எட்டி ஹாரிஸ், கிளிஃபர்ட் ஜோர்டன், ஜான் கில்மோர், பாஸ் வாசித்த ரிச்சர்ட் டேவிஸ்… பட்டியலை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கடிதம் முடியாது. ஒரே பள்ளி, ஒரே பேண்டு அறை.

அது அந்த மண்ணின் ராசி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. கறுப்பினத்தாருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று சொத்துப் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். தென்மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்களெல்லாம் சில தெருக்களுக்குள் அடைபட்டார்கள். இருந்த பள்ளியில் நெரிசல் தாங்காமல்தான் இந்தப் பள்ளியையே கட்டினார்கள். டாக்டர் பிள்ளையும் கசாப்புக்கூடத் தொழிலாளி பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். திறமையும் அங்கேயே குவிந்தது. அதை வெறும் கூட்டமாக விடாமல் இசைக்குழுவாக்கியவர் ஒரு வாத்தியார்.

அவர் பெயர் வால்டர் டயட். ஊரே ‘கேப்டன்’ என்றுதான் அழைத்தது. (கேப்டன் என்றதும் நம்மவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார், இவர் இல்லினாய் தேசியக் காவல்படையின் ஒரு ரெஜிமெண்ட் பேண்டை நடத்தியதால் அந்தப் பட்டம்.) மருத்துவராக நினைத்துக் கலிஃபோர்னியாவில் படித்தவர். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால், மௌனப் படம் ஓடிய தியேட்டரில் வயலின் வாசிக்கப் போய்விட்டார். அங்கிருந்து பள்ளிக்கு வந்தார். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. அத்தனை பேர் ஒன்றாக வாசிக்கும்போது ஒரே ஒரு சுரம் பிசகினாலும் யார் என்று கண்டுபிடித்துவிடுவார் என்பது அவரிடம் படித்தவர்கள் சலிக்காமல் சொன்ன கதை. ஜானி கிரிஃபின் அவரிடம் கிளாரினெட்டில் தொடங்கி, ஓபோ என்ற இன்னொரு குழல் கருவிக்குப் போய், அதற்குப் பிறகே சாக்ஸஃபோனுக்கு வந்தார். 1945இல் பள்ளி முடிந்த சில நாளிலேயே லயனல் ஹாம்ப்டனின் புகழ்பெற்ற ஜாஸ் இசைக்குழுவில் சேர்ந்துவிட்டார்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு செய்தி. டயட் ஆண்டுதோறும் ‘ஹை ஜிங்க்ஸ்’ என்று ஒரு கலைநிகழ்ச்சி நடத்தினார். மாணவர்களே ஆடிப் பாடி வாசிக்கும் மேடை. ஊர் திரண்டு டிக்கெட் வாங்கும். அந்த வசூல் பேண்டின் செலவுக்குப் போனது. அவ்வளவு பெரிய வாத்தியாரும் ஊராரிடம் கையேந்தித்தான் இசை சொல்லிக்கொடுத்தார். நாங்கள் கேட்பதற்குக் கூச்சப்படாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் கதை அவ்வளவு சிறப்பாகத் தொடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு 23 கருவிகள் சேர்ந்தன. மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் எங்களில் ஒருவருடைய கார் ஷெட்டில் அடுக்கிவைத்தோம். ஜனவரிக் குளிரில் மரத்தாலான இரண்டு கிளாரினெட்டுகள் நெடுக விரிசல் விட்டன. மார்ச்சில் திறந்து பார்த்தபோது, ஒன்றில் மயிரிழை அளவு கோடு மேல் மூட்டிலிருந்து இரண்டாவது துளை வரை ஓடியிருந்தது. அதைத் தனக்குத் தருவார்கள் என்று காத்திருந்த பத்து வயதுப் பெண், விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதை ஒட்ட முடியாதா?” என்று கேட்டாள். முடியும், செலவாகும். இப்போதைக்கு பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்றை வைத்துப் பழகுகிறாள். சீவாளியைக் கடித்துக் கடித்து வாரத்துக்கு ஒன்று தீர்க்கிறாள். அது வேறு செலவு.

ஆகவே இந்த ஆண்டு ஒழுங்காகச் செய்ய நினைக்கிறோம். 40 கருவிகளைப் பழுது பார்க்க, ஒன்றுக்கு 175 டாலர் வீதம் 7,000 டாலர் ஆகும். பழைய கிளாரினெட்டில் துளைகளை மூடும் மெத்தைகள் காய்ந்து காற்று ஒழுகும். எல்லாவற்றையும் பிரித்து மாற்ற வேண்டும். டிரம்பெட்டில் வால்வு இறுகிப்போயிருக்கும். குளிர்காலத்தில் சூடாக இருக்கும் சிறிய அறைக்கு மாதம் 350 டாலர் வாடகை, ஆண்டுக்கு 4,200. சீவாளி, எண்ணெய், வயலின் தந்தி போன்ற சில்லறைச் செலவுக்கு 1,300. சனிக்கிழமைதோறும் சொல்லிக்கொடுக்க இரண்டு ஆசிரியர்கள். 30 வாரத்துக்கு இருவருக்கும் சேர்த்து 6,000. ஆக மொத்தம் 18,500 டாலர். கையில் 6,150 இருக்கிறது. மீதி 12,350தான் உங்களிடம் கேட்பது. குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை. மாதாமாதம் வரவு செலவு நன்கொடையாளர் அனைவருக்கும் வந்துசேரும்.

அடுத்த நாட் கிங் கோல் இங்கிருந்து வருவார் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்க மாட்டோம். டயட்டிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள்தான். சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹரால்ட் வாஷிங்டன் படித்ததும் இதே டூசாபிளில்தான். அவரை யாரும் சாக்ஸஃபோனுக்காக நினைவில் வைத்திருக்கவில்லை.

இந்தப் பகுதி மக்கள் சும்மா கைகட்டி நிற்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டயட்டின் பெயர் தாங்கிய இன்னொரு பள்ளியை மூடிவிட்டபோது, பெற்றோரும் மற்றவர்களும் 2015இல் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அது கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாக மீண்டும் திறந்தது. எங்கள் குழுவின் மற்ற ஐவரும் அந்த ஊர்க்காரர்கள். நாம் அவர்களோடு தோள் கொடுக்கிறோம், அவ்வளவுதான். தானம் செய்யப்போனவர்கள் என்ற நினைப்பு நமக்கு வரக் கூடாது.

25 டாலர் தந்தாலும் நன்றி. ஒரு கருவியின் பழுதுச் செலவை முழுதாக ஏற்க விரும்புகிறவர்கள் 175 டாலர் அனுப்பலாம். விரும்பினால் அந்தப் பெட்டியின் உள்மூடியில் உங்கள் பெயரையோ உங்களுக்கு முதன்முதலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் பெயரையோ எழுதி ஒட்டுவோம். காசோலையும் இணையவழிப் பணமும் செல்லும். விவரம் இணைப்புப் படிவத்தில் இருக்கிறது. செப்டம்பர் 30க்குள் வந்தால் அறையைக் குளிருக்கு முன்பே பிடித்துவிடலாம். மே மாதத்தில் பிள்ளைகளின் மேடை நிகழ்ச்சி உண்டு, டிக்கெட்டும் உண்டு. நன்கொடையாளர்களும் டிக்கெட் வாங்கித்தான் வர வேண்டும். கேப்டன் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று எங்கள் பொருளாளர் பிடிவாதமாக இருக்கிறார்.

கருவி கொண்டுவருபவர்கள் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணிக்குள் வாருங்கள். சீவாளியும் வாய்வைத்து ஊதும் முனையும் தனியாக எங்காவது அலமாரியில் கிடக்கும், தேடி எடுத்துவாருங்கள். மரக் கிளாரினெட்டாக இருந்தால், தயவுசெய்து முதல்நாள் இரவே காரின் டிக்கியில் வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
குழுவினர், சிகாகோ