இரண்டாவது கவுன்டரை எப்போது திறப்பது?

அன்புள்ள நண்பா,

கடிதம் வந்தது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா?

உங்கள் மருத்துவமனை வரிசையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாடலுக்காக நீ அனுப்பிய டோக்கன் கணக்கைப் பார்த்தேன். பதிவு கவுன்டரில் ஆளுக்குச் சராசரி 5 நிமிடம், 6 நிமிடத்துக்கு ஒருவர் வருகை. ஒரு கவுன்டரே தாங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் வருகையும் வேலை நேரமும் ஏறி இறங்குவதால், எளிய வரிசைச் சூத்திரப்படி காத்திருப்பு சராசரி 25 நிமிடம். ஐந்தரை நிமிடத்துக்கு ஒருவர் வந்தால் 50. அதே கூட்டத்துக்கு இரண்டு கவுன்டர் இருந்தால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. நெடுநேரம் ஓடினால் வரும் எண்கள்தான் இவை. ஆனாலும் கதவு திறக்கும்போதே கூட்டம் நிற்கிற இடத்தில் அலட்சியம் செய்ய முடியாது.

ஆகவே இரண்டாவது ஆளை எப்போது கூப்பிடுவது, எப்போது திருப்பி அனுப்புவது என்ற விதியே மாடலின் உயிர். பெட்டியும் அம்புமாகப் படம் வரைந்து, ஆள் எண்ணிக்கையை நிலையாக வைத்து ஓட்டும் சிமுலேஷனில், அந்த ஆளைக் கூப்பிடும் சூப்பர்வைசரே இருக்கமாட்டார். அப்புறம் அது நிஜத்தோடு எப்படிப் பொருந்தும்?

சிம்பையில் (SimPy, சிமுலேஷன் எழுத உதவும் பைதான் நிரல் தொகுப்பு) எழுதினால் விதி நாலைந்து வரிதான். வரிசையில் 6 பேர் சேர்ந்தால் இரண்டாவது கவுன்டரைத் திற, 2 பேராகக் குறைந்தால் மூடு. இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் கவுன்டர் ஓயாமல் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஆளாக மருந்துப் பிரிவிலிருந்து வருகிறவர் கைவேலையை முடித்து வர 10 நிமிடம் ஆகும் என்றால் அதையும் சேர்த்துவிடு. இந்தத் தாமதத்தை விட்டுவிட்டால் எல்லா விதியும் நன்றாகத்தான் தெரியும். தாமதம் பெரிதாக இருந்தால் வரிசை நீளத்தைப் பார்க்காதே. கடைசி 15 நிமிடத்தில் கொடுத்த டோக்கன் எண்ணிக்கையைப் பார்த்துக் கூப்பிடு.

நீ அனுப்பிய கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில இடங்களில் நான்கு பேருக்கு ஒரே நிமிடத்தில் முடிவு நேரம் விழுந்திருக்கிறது. கிளார்க் சேர்த்துவைத்து மொத்தமாக என்டர் தட்டுகிறார். அவற்றிலிருந்து வேலை நேரத்தை எடுக்காதே. ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐம்பது பேருக்காவது கடிகாரம் பிடிக்கச் சொல். புது நோயாளியையும் பழையவரையும் தனித்தனியாகக் குறிக்கட்டும். வருகை வீதத்தை அரை மணிக்கு ஒன்றாகப் பிரி. திங்கட்கிழமையை மற்ற நாட்களோடு கலக்காதே.

ஒரு நாளை 200 தடவையாவது ஓட்டிப் பார். இரண்டு விதிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே வருகைகளையே கொடு, இல்லாவிட்டால் தெரியும் வித்தியாசம் வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். சராசரியோடு நிறுத்தாதே, பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் கவுன்டரை அடைகிறார்கள் என்று பார். முடிவை நிர்வாகத்திடம் காட்டுவதற்கு முன், மாடல் பார்த்திராத ஒரு நாளின் நிஜ வருகையைக் கொடுத்து, 10 மணி வரிசை ஒத்துப்போகிறதா என்று சரிபார்.

இன்னும் இரண்டு திங்கட்கிழமைக் கணக்கு வேண்டும், அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்